வெளியேற்றம்

சைட் ஸ்ராண்டில் சாய்த்து வைத்தபடிதான்
ஒயில் கோலை இழுத்துப் பார்த்தேன்.
சாய்ந்து நிற்கிற வண்டி பொய் சொல்லும் என்று
அப்போது தெரியாது.
குறி எட்டவில்லை, ஊற்றினேன்.
பிறகும் எட்டவில்லை, ஊற்றினேன்.
மூவாயிரத்து இருநூறு ரூபாய்ப் போத்தல்,
அடியில் மிச்சம் விட
யாருக்கு மனம் வரும்?
தலைகீழாய்ப் பிடித்து
கடைசிச் சொட்டு நூலாகி அறும்வரை நின்றேன்.

விடியக் கொக்குவிலால் வெளிக்கிட்டு
தட்டாதெருச் சந்தியில்
பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்க
பின்னாலிருந்து ஒரு குரல்:
"தங்கச்சி, உங்கட வண்டி பத்துது!"

பத்தவில்லை.
நுளம்புக்குப் புகையடிக்க ஆட்கள் வந்ததுபோல
வெள்ளையாய், தாராளமாய்
மரக்கறி வாங்க நின்ற சனத்தின் மேல்
என் கஞ்சத்தனம் பரவியது.

யூட் அன்ரனியின் கராஜ் பூட்டு.
பாசையூரில் மச்சாளின் கலியாணமாம்.
போனுக்குள் மேளச் சத்தத்தின் நடுவே கத்தினார்:
"இனி ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ!
அடி நட்டைக் கழட்டினா முழுக்க வந்திடும்.
கூடினதை மட்டும் எடுக்கவேணும்."
எப்பிடி அண்ணை?
"என்னட்டயே கேக்கிறியள்? நீங்கள்தானே ஊசி வைச்சிருக்கிற ஆள்."

மிச்சத் தூரம் உருட்டினேன்.

வார்டில் கட்டில் பதினொன்று.
காலை விரலால் அமத்தினால்
குழி அப்படியே நிற்கும்; எழும்பி வர நேரமெடுக்கும்.
உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு,
மணித்தியாலத்துக்கு மணித்தியாலம்
நான்தான் எழுதுகிறேன்.
தலையணைக்குப் பின்னால்
செவ்விளநீர்ப் போத்தல் ஒன்று.
"கொஞ்சம்தான் மிஸ்ஸி, குளிர்ச்சிதானே" என்றாள் மகள்.
ஏசினேன். நல்லாய்த்தான் ஏசினேன்.
ஏசிக்கொண்டு நீட்டின விரலின் நகக்கண்ணில்
கறுப்பாய் ஒயில்.

பின்னேரம்
வண்டியை நிமிர்த்தி, நடு ஸ்ராண்டில் ஏற்றி,
திகதி முடிந்த ஐம்பது மில்லி சிறிஞ்சும்
ஒரு துண்டு ரியூப்பும்
கோல் போகிற துவாரத்தால் இறக்கினேன்.
ஒயில் அவசரப்படாது.
இழுத்துப் பிடித்த பெருவிரல் நடுங்க
நுரைத்து, பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில்
மெல்ல மெல்ல ஏறி வந்தது.
ஐம்பது. நூறு. நூற்றைம்பது.
கோலைத் துடை, வை, எடு, பார்.
இருநூறு.
இரண்டு குறிக்கும் நடுவே வந்து நின்றபிறகும்
பயத்தில் இன்னொரு தரம் இழுத்து,
அந்தப் பயத்துக்கும் பயந்து
பாதியைத் திருப்பி விட்டேன்.

காற்றுப் பெட்டிக்குள்ளும் போயிருந்தது.
ஊறிக்கிடந்த பஞ்சைப் பிழிந்து
பழைய பேப்பரில், மரண அறிவித்தல் பக்கத்தில், ஒற்றினேன்.
பெயர் தெரியாத ஓர் ஐயாவின் முகம்
எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகி
நெற்றிக்குள்ளால்
மறுபக்கத்து நகைக்கடையின் அட்டியல் தெரிந்தது.
மன்னித்துக்கொள்ளுங்கோ என்று
சத்தமாய்த்தான் சொன்னேன்.

எடுத்ததை எங்கே ஊற்ற?
வேலியடியில் ஊற்றலாம், எல்லாரும் ஊற்றுகிறார்கள்.
ஆனால் கீழே சுண்ணாம்புக்கல்,
அதில் ஆயிரம் ஓட்டை.
இங்கே மண்ணுக்குக் கொடுத்தது எதுவும்
மண்ணோடு நிற்பதில்லை.
சுன்னாகத்துப் பக்கம் வாளித் தண்ணியில்
வானவில் மிதந்த காலத்தில்
போத்தல் தண்ணி வாங்கிப் பிள்ளைக்குப் பால் கரைத்தவள் நான்.

சோடாப் போத்தலில் அடைத்து
பிளாஸ்ரர் ஒட்டி, கை போன போக்கில் எழுதினேன்:
திகதி. மாலை ஆறு நாற்பது.
வெளியேற்றம் இருநூற்று இருபத்தைந்து மில்லி.
கீழே என் கையெழுத்தும்.

பிறகு ஸ்ரார்ட் பண்ணினேன்.
கொஞ்சம் இருமியது.
கொஞ்சம் புகைந்தது.
பக்கத்து வீட்டு நாய் எழும்பி, பார்த்து,
திரும்பவும் படுத்துக்கொண்டது.